நிரப்பாமல் விட்ட கட்டங்கள்

கறுப்புப் பகடை ஒன்று, வெள்ளைப் பகடை இரண்டு. மூன்றையும் கைக்குள் குலுக்கி மேஜையில் விடுகிறீர்கள். இவை கடையில் கிடைக்கும் சாதாரணப் பகடைகள் அல்ல. முகங்களில் எண்கள் வேறு மாதிரி அச்சிடப்பட்டவை. கறுப்பில் விழுவது பத்தாம் இடத்து எண். வெள்ளை இரண்டையும் கூட்டினால் ஒன்றாம் இடத்து எண். கறுப்பில் 2, வெள்ளைகளில் 3, 1 என்று விழுந்தால் உங்கள் எண் 24. எதிரே ஓர் அட்டவணை விரிந்திருக்கிறது. இடது ஓரத்தில் 10 முதல் 39 வரை எண்கள், மேலே ஒன்பது தலைப்புகள். 24-ல் விரலை வைத்து வலப்பக்கமாக நகர்த்தி, ‘நீண்ட பாஸ்’ என்ற தலைப்புக்கு நேர் கீழே நிறுத்துகிறீர்கள்.

அந்தச் சின்னக் கட்டத்தில் 38 என்று இருந்தால், உங்கள் வீரர் பந்தை நீளமாக எறிந்து, இன்னொருவர் ஓடிப்போய்ப் பிடித்து, அணி 38 கஜம் முன்னேறிவிட்டது என்று அர்த்தம். விரல் ஒரு கட்டம் கீழே நின்றிருந்தால் பந்து யார் கைக்கும் அகப்படாமல் தரையில் விழுந்திருக்கலாம். இன்னும் ஒன்று தள்ளி நின்றிருந்தால் எதிரணிக்காரர் பறித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடியிருக்கலாம். அரை விரல் அகலத்துக்குள் இத்தனையும் நடக்கிறது.

இந்த விளையாட்டின் பெயர் ‘பேடர்ட்’. தங்கம் தோண்டியவர்களின் சொல் அது. பலன் கிடைக்கிற அளவுக்குத் தாது உள்ள மண்ணை அப்படிச் சொல்வார்கள். அமெரிக்க ஃபுட்பாலில் மைதானத்தின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் மண்ணுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1970-களின் தொடக்கத்தில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்ற அமெரிக்க விளையாட்டு இதழின் பெயரில் இது வெளிவந்தது. பிறகு பால்டிமோர் நகரத்து அவலான் ஹில் நிறுவனம் எடுத்து நடத்தியது. வடிவமைத்தவர் தாமஸ் நைஸ்லி. வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். கல்லூரி அணிகளுக்காக ‘பௌல் பவுண்ட்’ என்று இதே முறையில் இன்னொன்றும் செய்தார். கணினித் துறைக்காரர்களுக்கு அவர் பெயர் முற்றிலும் வேறொரு காரியத்தால் தெரியும். இரண்டு காரியங்களுக்கும் நடுவில் ஓர் அட்டவணை இருக்கிறது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

முதலில் மைதானத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க ஃபுட்பால் நாம் கால்பந்து என்று சொல்வது அல்ல. பந்து இருபக்கமும் கூராக இருக்கும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அணிக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவில் உதைத்து அனுப்பினால் 3.

கால்பந்து நிற்காமல் ஓடுகிற ஆட்டம். எந்த நொடியை வெட்டி எடுத்து ‘இது ஒரு நிகழ்ச்சி’ என்று சொல்வது? அமெரிக்க ஃபுட்பால் அப்படி இல்லை. ஒவ்வொரு முயற்சியும் நின்று, வட்டமாகக் கூடிப் பேசி, வரிசை கட்டி, ஆரம்பித்து, சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கஜம் வேண்டும், பந்து எந்தக் கோட்டில் இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தையும் எழுதிவைக்க முடிகிறதே, அதைப் போல. எண்ணி எழுத முடிகிற ஆட்டத்தைத்தான் பகடையால் ஆட முடியும்.

பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகத்தை விரித்துக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது கையோடு தெரிந்த விஷயம். இரட்டைப்படைப் பக்கத்தின் கடைசி இலக்கம்தான் ஓட்டம். 0 வந்தால் அவுட். 0, 2, 4, 6, 8 என்று ஐந்தே வாய்ப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் தொடக்க ஆட்டக்காரரும் கடைசியில் இறங்கும் பந்துவீச்சாளரும் அந்தப் புத்தகத்துக்கு ஒன்றுதான். இருவரும் ஐந்தில் ஒரு தடவை அவுட். சச்சின் பெயரை எழுதினாலும் அது சச்சின் ஆகாது. ஆளுக்கு ஆள் வேறுபடுகிற வாய்ப்பை எப்படி உண்டாக்குவது என்பதுதான் அடுத்த கேள்வி.

அமெரிக்காவில் அந்தக் கேள்வியைப் பேஸ்பால் பைத்தியங்கள் முதலில் பிடித்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்து கிளிஃபர்ட் வான் பீக் 1930-களின் தொடக்கத்தில் ‘நேஷனல் பாஸ்டைம்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. வீரர் மைதானத்தில் செய்தது அட்டையில் எண்களாக இருந்தது. அந்த வழியில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் டிக் ஸைட்ஸ் 1951-ல் ‘ஆப்பா’ விளையாட்டை விற்கத் தொடங்கி, 1958-ல் ஃபுட்பாலுக்கும் ஒன்று செய்தார். ஹால் ரிச்மன் என்ற நியூயார்க் பையன் 11 வயதில் பகடையை ஆயிரக்கணக்கான முறை உருட்டி, எந்த எண் எத்தனை தடவை விழுகிறது என்று தானாகவே எழுதிப் பார்த்தவன். அவர் வளர்ந்து செய்ததுதான் ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’. அதன் ஃபுட்பால் வடிவம் 1968-ல் வந்தது. இவர்களெல்லாம் ஆளை அட்டையாக்கினார்கள். நைஸ்லி ஓர் அணி முழுவதையும், அதன் ஒரு பருவகாலத்தையும், ஒரே அட்டவணையாக்கினார்.

ஒரு பருவகாலம் என்றால் என்ன அளவு? அன்றைக்கு அமெரிக்கத் தொழில்முறை லீகில் ஓர் அணி ஆண்டுக்கு 14 ஆட்டங்கள் ஆடியது. ஆட்டத்துக்கு 60 முயற்சி என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 840. நடுக்கோட்டை முட்டிக்கொண்டு ஓடியது, ஓரமாகச் சுற்றி ஓடியது, கிட்டத்தில் எறிந்தது, தூரத்தில் எறிந்தது, கை நழுவியது, பறிகொடுத்தது, அபராதம் வாங்கியது எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவையும் 30 வரிசை, 9 பத்தி கொண்ட 270 கட்டங்களுக்குள் மடித்து வைக்க வேண்டும். பிறகு யாரோ ஒருவர் வீட்டு மேஜையில் பகடையை உருட்ட உருட்ட, அந்த அணி தன் குணத்தோடு மறுபடியும் எழுந்து ஆட வேண்டும்.

இங்கேதான் பகடையின் கணக்கு வருகிறது. ஆறு முகமுள்ள பகடை மூன்று இருந்தால், முகங்களில் என்ன எண் எழுதியிருந்தாலும் சரி, மொத்தம் 6 × 6 × 6 = 216 விதங்களில் விழலாம். அந்த 216-ஐ 10 முதல் 39 வரை முப்பது வரிசைகளுக்குப் பங்கிட வேண்டும். 216-ஐ 30-ஆல் வகுத்தால் 7.2. முழு எண் இல்லை. ஆகவே எந்தப் பகடைத் தச்சனாலும் முப்பது வரிசைகளுக்கும் சமமாகப் பங்கு வைக்க முடியாது. சில எண்கள் அடிக்கடி வரும், சில எண்கள் எப்போதாவதுதான் தலைகாட்டும். சாதாரணப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 3 வருவதற்கு ஒரே வழி, மூன்றிலும் 1 விழ வேண்டும். 10 வருவதற்கு 27 வழிகள்.

சமமில்லாத பங்கு ஒரு குறை மாதிரித் தோன்றும். உண்மையில் அதுதான் வரம். அரிதான எண்ணின் வரிசையில் அரிதான நிகழ்ச்சியை வைக்கலாம். அடிக்கடி வரும் எண்ணுக்கு எதிரில் அன்றாடம் நடப்பதை வைக்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். இது விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்ளும் ஓர் அணி. பருவகாலம் முழுவதிலும் இது 72 தடவை நீளமாகப் பந்தை எறிந்திருக்கிறது. 24 தடவை பந்து நம் ஆள் கைக்குப் போனது. 4 தடவை எதிரணி பறித்தது. மீதி 44 தடவை வீண். பிடித்த 24-ல் ஒன்று மட்டும் 80 கஜம் ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டிய அபூர்வம். 216-ஐ 72-ஆல் வகுத்தால் 3. அதாவது மைதானத்தில் நடந்த ஒவ்வொரு எறிதலுக்கும் பகடையில் மூன்று விதங்கள் சேர வேண்டும். பறிபோன நான்குக்கு 12 விதங்கள். பிடித்த 24-க்கு 72. அந்த ஒரே ஓர் 80 கஜ ஓட்டத்துக்கு வெறும் 3.

இப்போது முப்பது வரிசைகளையும் பாருங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை விதங்கள் என்று பகடை ஏற்கெனவே விதித்துவிட்டது. அவற்றில் எந்தெந்த வரிசைகளைச் சேர்த்தால் சரியாக 12 வரும்? அவற்றில் ‘பறிப்பு’ என்று எழுத வேண்டும். எவற்றைச் சேர்த்தால் 72 வரும்? அவற்றில் 15, 22, 38 என்று கஜங்களைப் பிரித்து எழுத வேண்டும். சில்லறை கொடுப்பது போன்ற வேலை. கையில் இருக்கும் நாணயங்களை வைத்தே கணக்குத் தீர வேண்டும். இப்படி ஒன்பது பத்திகள், ஒவ்வோர் அணிக்கும், ஒவ்வோர் ஆண்டும். 1970-ல் அந்த லீகில் 26 அணிகள் இருந்தன. ஒரு கட்டத்தில் தவறு நேர்ந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. நூறு ஆட்டம் ஆடிய பிறகு, ‘இந்த அணி மட்டும் ஏன் இப்படித் தோற்கிறது?’ என்று யாராவது ஒரு பையன் தலையைச் சொறிந்தால் உண்டு.

சராசரியை மட்டும் எழுதி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். ‘நடுவில் முட்டி ஓடினால் இந்த அணிக்கு 3 கஜம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே? போதாது. அதை மைதானமே சொல்லும். இரண்டு உத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது எப்போதும் 3 கஜம் தரும், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இரண்டாவது பாதித் தடவை 6 கஜம் தரும், பாதித் தடவை ஒன்றும் தராது. இரண்டுக்கும் சராசரி 3. மூன்றாவது முயற்சியில் இன்னும் 2 கஜம் வேண்டும் என்று வையுங்கள். முதல் உத்தி கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றும். இரண்டாவது பாதித் தடவை காலை வாரிவிடும். இப்போது தேவை 5 கஜம் என்று மாற்றுங்கள். முதல் உத்தி ஒருநாளும் கரை சேர்க்காது. இரண்டாவது பாதித் தடவை சேர்க்கும். சராசரி ஒன்றே, ஆனால் ஒன்றின் பலம் மற்றதன் பலவீனம். வாய்ப்புகள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. புள்ளியியல் வகுப்பில் மாதக்கணக்கில் சொல்லியும் மனத்தில் ஏறாத இந்த விஷயம், மூன்றாவது முயற்சியில் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றிலேயே புரிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு முயற்சியில் 8 கஜம் கிடைத்தது என்றால் அந்த 8 யாருடையது? தாக்கியவரின் திறமையா, தடுத்தவரின் கோட்டையில் இருந்த ஓட்டையா? பேடர்ட் இதற்கு இரண்டு அட்டவணைகள் வைத்திருக்கிறது. தாக்கும் அணி ஒன்பது உத்திகளில் ஒன்றை ரகசியமாகத் தேர்ந்தெடுக்கும். தடுக்கும் அணி ஆறு வியூகங்களில் ஒன்றை ரகசியமாகத் தேர்ந்தெடுக்கும். வழக்கமான வியூகம், கொஞ்ச தூரத்தை மட்டும் காக்கும் வியூகம், விரிந்து நிற்பது, கிட்டத்து எறிதலுக்கு ஒன்று, தூரத்து எறிதலுக்கு ஒன்று, கூடுதல் ஆட்கள் பாய்ந்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை அமுக்கும் ‘பிளிட்ஸ்’ என்று ஆறு. தடுப்பவருக்கு வேறு நிறத்தில் இரண்டு பகடைகள். அவை 1 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தரும். இருவரும் தத்தம் அட்டவணையில் விரல் வைத்துப் படிக்கிறார்கள். இரண்டிலும் எண் இருந்தால் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றில் எண்ணும் மற்றதில் பறிப்பும் இருந்தால் எது செல்லும் என்று சொல்ல ஒரு முன்னுரிமைப் பட்டியல். தாக்கும் அணியின் கையெழுத்தும் தடுக்கும் அணியின் கையெழுத்தும் அந்த ஒரு கூட்டலில் கலந்துவிடுகின்றன. நேரில் ஒருநாளும் மோதாத இரண்டு அணிகளைக்கூட இப்படி மோதவிடலாம்.

ஒன்பது உத்தி, ஆறு வியூகம். ஆக 54 விதமான சந்திப்புகள். தாக்குபவரின் 216, தடுப்பவரின் 36, இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொரு சந்திப்பிலும் 7,776 விதங்கள். ஆனால் பகடையைத் தொடுவதற்கு முன்பே, அந்த 54-ல் எதில் போய் மாட்டுவது என்பதை இரண்டு மனிதர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். பகடையில் நமக்குச் சொல்லில்லை, தேர்வில் இருக்கிறது.

அந்தத் தேர்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்வோம். தாக்குபவருக்கு இரண்டே வழி: ஓடுவது, எறிவது. தடுப்பவர் ஓட்டத்தை எதிர்பார்க்கலாம், அல்லது எறிதலை எதிர்பார்க்கலாம். ஓட்டத்தை எதிர்பார்த்து நிற்பவருக்கு எதிரே ஓடினால் 1 கஜம். எறிதலை எதிர்பார்ப்பவருக்கு எதிரே ஓடினால் 6. ஓட்டத்தை எதிர்பார்ப்பவரை ஏமாற்றி எறிந்தால் 9. எறிதலுக்குத் தயாராக நிற்பவருக்கு எதிரே எறிந்தால் 2. இதில் எதை அடிக்கடி செய்வீர்கள்? ஓட்டத்தின் இரண்டு எண்களைக் கூட்டிச் சராசரி பார்த்தால் 3.5. எறிதலுக்கு 5.5. யாரைக் கேட்டாலும் எறியத்தான் சொல்வார்கள்.

கணக்கு வேறு சொல்கிறது. பன்னிரண்டு முயற்சியில் ஏழு தடவை ஓடு, ஐந்து தடவை எறி. எப்படி? தடுப்பவர் என்ன நினைத்தாலும் எனக்குக் கிடைப்பது மாறக் கூடாது. அப்படி ஒரு கலவையைத் தேடினால் இந்த விகிதம்தான் வருகிறது. அவர் ஓட்டத்தை எதிர்பார்த்தால், ஏழு தடவை 1, ஐந்து தடவை 9: மொத்தம் 52. எறிதலை எதிர்பார்த்தால், ஏழு தடவை 6, ஐந்து தடவை 2: அதுவும் 52. இரண்டு வழியிலும் முயற்சிக்கு நாலேகால் கஜத்துக்குச் சற்று மேலே. எறிதல் லாபம் என்பது தடுப்பவருக்கும் தெரியும். அதனால் அவர் பெரும்பாலும் எறிதலைக் காத்தே நிற்க வேண்டியிருக்கிறது. பயத்தால் அவர் விட்டுவைக்கும் இடத்தில்தான் ஓட்டத்துக்கு வழி பிறக்கிறது. ஜான் வான் நாய்மன் 1928-ல் நிறுவிய தேற்றத்தின் சாரம் இதுதான்: இப்படி நேருக்கு நேர் மோதும் ஆட்டங்களில், கலந்து ஆடும் ஒரு விகிதம் இருக்கிறது, அதற்குக் கீழே உங்களை யாராலும் இறக்க முடியாது.

ஏழு ஓட்டம், ஐந்து எறிதல் என்று வரிசையாக ஆடினால் எதிராளி பிடித்துவிடுவார். மனம் தானாகக் கலைத்துப் போடுகிறேன் என்று நினைத்தாலும் அதில் ஒரு தாளம் வந்துவிடும். தாளம் வராத ஒரே பொருள் மேஜையிலேயே கிடக்கிறது. சாதாரணப் பகடை இரண்டை உருட்டுங்கள். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஓடுங்கள். 8 முதல் எறியுங்கள். 2 வர ஒரு வழி, 3 வர இரண்டு, 4 வர மூன்று, இப்படியே 7 வர ஆறு. கூட்டினால் 36-ல் 21. அதுவே பன்னிரண்டில் ஏழு. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது அது இவ்வளவு கச்சிதமாக வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் தடவை போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன்.

ஆட்டத்தைக் கணக்காக்குவது மேஜையில் மட்டும் நடந்த வேலை அல்ல. வர்ஜில் கார்ட்டர் என்ற குவார்ட்டர்பேக், களத்தில் ஆடிக்கொண்டே, ராபர்ட் மாக்கோல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1969 பருவகாலத்தின் முயற்சிகளை ஆராய்ந்து 1971-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மைதானத்தின் ஒவ்வோர் இடத்திலும் பந்து கையில் இருப்பது எத்தனை புள்ளிக்குச் சமம் என்பது அவர்கள் கேள்வி. எதிரணிக் கோட்டுக்கு 5 கஜத்தில் இருந்தால் சுமார் 6 புள்ளி. தன் சொந்தக் கோட்டுக்கு 5 கஜத்தில் இருந்தால் கழித்தல் 1.2! பந்து நம் கையில் இருந்தும் நஷ்டம். அடுத்து புள்ளி எடுக்கும் வாய்ப்பு எதிராளிக்கே அதிகம். இதுவும் ஓர் அட்டவணைதான். அணிகள் இன்றைக்குக் கணினி வைத்துச் செய்யும் கணக்குகளின் வேர் அங்கே இருக்கிறது.

இனி நைஸ்லியின் இன்னொரு காரியம்.

3, 5. 5, 7. 11, 13. 17, 19. இப்படி இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக நிற்கும் பகா எண்களை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். அவை முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்குமா என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆனால் அவற்றின் தலைகீழிகளை, அதாவது மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, மறுபடி ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால், அந்தத் தொகை எல்லை கடக்காது என்று நார்வே நாட்டு விக்கோ புரூன் 1919-ல் நிறுவினார். 1.902 என்று தொடங்கும் அந்த எண்ணை இன்னும் நுணுக்கமாகக் கண்டுபிடிக்க, நைஸ்லி பல கணினிகளை இரவுபகலாக ஓடவிட்டிருந்தார். 1994-ல் அவற்றோடு, அப்போது புதிதாக வந்திருந்த பென்டியம் சில்லு பொருத்திய ஒன்றையும் சேர்த்தார்.

ஜூன் மாதம் விடைகள் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் எங்கோ தசமப் புள்ளிக்கு வெகுதூரம் வலப்பக்கம். பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம். அவர் கடக்கவில்லை. தன் நிரலைச் சந்தேகித்தார், அதை மொழிபெயர்க்கும் கம்பைலரைச் சந்தேகித்தார், கணினியின் மற்ற பாகங்களைச் சந்தேகித்தார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து விலக்கினார். நான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் 824633702441 என்ற பகா எண்ணில் வந்து நின்றார். 1-ஐ அதனால் வகுக்கச் சொன்னால் பென்டியம் தப்பாக வகுத்தது. அக்டோபர் 30 அன்று தெரிந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சில வாரங்களில் உலகமே 4195835-ஐ 3145727-ஆல் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வர வேண்டியது 1.33382. பென்டியம் 1.33373 என்றது.

சில்லுக்குள் என்ன நடந்தது? நாம் காகிதத்தில் நீள் வகுத்தல் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். 47-ல் 9 எத்தனை தடவை போகும் என்று ஒவ்வொரு படியிலும் ஓர் ஊகம் செய்கிறோம். ஐந்து தடவை என்று எழுதி, பெருக்கி, கழித்து, மிச்சத்தோடு அடுத்த படிக்குப் போகிறோம். பென்டியமும் அதைத்தான் செய்தது. வேகத்துக்காக, ஊகிப்பதற்குப் பதில் ஓர் அட்டவணையைப் பார்த்தது. மிச்சத்தின் முதல் சில இலக்கங்கள் வரிசையைக் காட்டும், வகுக்கும் எண்ணின் முதல் சில இலக்கங்கள் பத்தியைக் காட்டும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் −2 முதல் 2 வரை ஓர் எண் இருக்கும்; அதுதான் ஊகம். மொத்தம் 2,048 கட்டங்கள். அவற்றில் 1,066 கட்டங்களில் மதிப்பு எழுதியிருக்க வேண்டும். அட்டவணையைச் சில்லில் பதிக்கும்போது ஐந்து கட்டங்கள் விடுபட்டுப்போயின என்று இன்டெல் நிறுவனம் தன் விளக்கத்தில் சொன்னது. 2 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைச் சில்லு 0 என்று படித்தது.

அந்த விவரத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. ஓர் எண் வரிசையைச் சொல்கிறது, இன்னொன்று பத்தியைச் சொல்கிறது, கட்டத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆட்டம் மேலே போகிறது. இவர் மேஜைகளுக்குச் செய்து அனுப்பிய பொருளே அல்லவா அது? கட்டத்தில் இருப்பதைக் கேள்வி கேட்காமல் எல்லோரும் நம்புவார்கள் என்பதை, கட்டங்களை நிரப்பிய ஒருவரைவிட யார் நன்றாக அறிந்திருக்க முடியும்? இந்தப் பழக்கம்தான் அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. நான்கு மாதம் விடாமல் தேடியது எண் கணிதக்காரரின் பிடிவாதம். ஆனால் இரண்டு வேலையிலும் ஒரே மாதிரியான அக்கறை ஓடுவதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு நடந்த வாக்குவாதமும் பகடைக் கணக்குதான். தற்செயலாக எடுத்த எண்களை வகுத்தால் 900 கோடி வகுத்தலில் ஒன்றுதான் தப்பும், சாதாரணமாகக் கணக்கு அட்டவணை பயன்படுத்துபவர் 27,000 ஆண்டுக்கு ஒருமுறை இதைச் சந்திப்பார் என்றது இன்டெல். ஐபிஎம் நிறுவனம் தானே கணக்கிட்டு, 24 நாளுக்கு ஒருமுறை சந்திக்கலாம் என்றது. டிசம்பரில் பென்டியம் கணினிகளை அனுப்புவதையும் நிறுத்தியது. இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது? எல்லா எண்களும் சமமாக வரும் என்று இன்டெல் எடுத்துக்கொண்டது. மனிதர்கள் அப்படி எண்களைப் பயன்படுத்துவதில்லை. விலை, வட்டி, விகிதம் என்று சில எண்கள் திரும்பத் திரும்ப வரும் என்றது ஐபிஎம். 216 விதங்கள் முப்பது வரிசைகளுக்கும் சமமாகப் பிரியாது என்ற அதே விஷயம் இங்கே கோடிக்கணக்கான டாலரில் வந்து நின்றது. டிசம்பர் 20 அன்று, கேட்பவர் எல்லோருக்கும் சில்லை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. கணக்கில் 47.5 கோடி டாலர் இழப்பு எழுதியது.

நைஸ்லி 2019-ல் காலமானார். அதற்கு வெகுமுன்பே, சரி செய்த பென்டியத்தில் இன்டெல் பொறியாளர்கள் விடுபட்ட கட்டங்களை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்தவில்லை. அட்டவணையில் யாரும் எப்போதும் தொட வாய்ப்பில்லை என்று அதுவரை காலியாக விட்டிருந்த கட்டங்களிலும் 2 என்று எழுதினார்கள்.